தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் இன்னும் என்ன மிச்சம்? பார்த்தவர்கள் எழுதுங்கள்

கெடிலக்கரை · ஞாயிறு இரவு 8.40

போன வாரம் நண்பர் ஒருவர் கடலூர் வந்தார். பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் கோட்டைக்குப் போகணும் என்று கேட்டிருக்கிறார். "இங்க ஏது சார் கோட்டை, அதுக்கு செஞ்சிக்குல்ல போகணும்" என்று அவர் அக்கறையாகச் சொல்லி, பஸ் நிற்கும் இடத்தையும் காட்டியிருக்கிறார். நண்பர் போன் செய்து இதைச் சொன்னதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆட்டோக்காரர் மேல் தப்பே இல்லை. நான் புதுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். சில்வர் பீச்சுக்கு எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன். தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாகவே இருந்த ஒரு கோட்டை அந்த வழியில்தான் கிடக்கிறது என்று இருபது வயது வரை எனக்கும் தெரியாது.

அன்று சாயங்காலமே நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். முள்ளுச்செடியை விலக்கிப் பார்த்தால் செங்கல் சுவர். மேல்பூச்சு எப்போதோ உதிர்ந்துவிட்டது. உப்புக் காற்றில் செங்கல் பொரிந்து பொரிந்து உள்ளே போய்விட, நடுவில் இருந்த சாந்து மட்டும் வலை பின்னியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கிறது. கிட்டே குனிந்து பார்த்தால் அந்தச் சாந்துக்குள் நகக்கண் அளவுக்குக் கிளிஞ்சல் துண்டுகள், இன்னும் வெள்ளையாக. கடலுக்குப் பக்கத்தில் கட்டிய சுவருக்குள் கடலே இருக்கிறது.

இந்த இழையில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். இடிந்துபோன கோட்டை, ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுக்கலாம். சுவர், மேடு, பள்ளம், பெயர், பாட்டி சொன்ன கதை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம் · ஞாயிறு இரவு 9.05

பெரியார் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். ஒருநாள்கூட யாரும் சொல்லவில்லை. இப்போதுதான் கேள்விப்படுகிறேன் அண்ணா.

பழைய டீச்சர் · ஞாயிறு இரவு 10.20

கெடிலக்கரை தம்பிக்கு, நல்ல காரியம் தொடங்கியிருக்கிறீர்கள். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் என்ற முறையில் அடித்தளத்தை மட்டும் போட்டுவிடுகிறேன்.

இது ஆங்கிலேயர் முதலில் கட்டிய கோட்டை இல்லை. அவர்களுக்கு முன்பே இங்கே ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அதைக் கட்டியவர் நம் ஊர்ப்பக்கத்து வணிகர் ஒருவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக்கு வந்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததும் இந்தக் கோட்டையும் மராட்டியர் கைக்குப் போனது. 1690இல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் இருந்தார், ஔரங்கசீப்பின் படை சூழ்ந்துகொண்டு வந்தது, கையில் பணம் வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்தை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவருடைய பூர்வீகம் வேல்ஸ் நாடு. வேல்ஸ்காரர்களின் காவல் புனிதர் டேவிட். கோட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான் என்பார்கள். யேலுக்குச் சின்ன வயதிலேயே இறந்துபோன மகன் ஒருவன் இருந்தான், அவன் பெயரும் டேவிட். அதனால் வைத்தார் என்பவர்களும் உண்டு.

1746 செப்டம்பரில் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அப்போது ஆங்கிலேயருக்குத் தெற்கில் மிஞ்சிய முக்கியமான இடம் நம் தேவனாம்பட்டினம்தான். ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தொரு வயது எழுத்தர் சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கே வந்துதான் பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்ஸ் பாண்டிச்சேரியிலிருந்து படை அனுப்பியும் கோட்டை விழவில்லை. 1748 தொடக்கத்தில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இங்கே வந்து இறங்கி, கம்பெனிப் பட்டாளத்தை ஒழுங்காகப் பழக்கினார். நாம் தினமும் போய்வரும் லாரன்ஸ் ரோடு அவர் பெயரைச் சொல்வதுதான். 1752இல் தலைமையிடம் சென்னைக்குத் திரும்பிப் போகும்வரை இங்கிருந்துதான் எல்லாம் நடந்தது.

பிறகு 1758. பிரான்சிலிருந்து லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி ஏப்ரல் கடைசியில் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். ஜூன் 2ஆம் தேதி கோட்டை அவரிடம் சரணடைந்தது. பிடித்ததோடு விடாமல் இடித்துத் தள்ளினார்கள். தம்பி பார்த்த சுவர் அந்த இடிப்புக்குத் தப்பியது.

உப்பலவாடி · திங்கள் காலை 6.50

டீச்சர் அம்மா, குண்டு கதையை விட்டுவிட்டீர்களே! எங்கள் ஊர்ப் பெயரே குண்டு உப்பலவாடி. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை வெள்ளைக்காரனுக்குச் சொந்தம் என்று பேசி வைத்தார்களாம். எங்கள் தாத்தா சொல்லுவார். டவுனில் இருக்கும் குண்டு சாலைக்கும் அதுதான் காரணம் என்பார்கள்.

சொல்தேடி · திங்கள் காலை 9.30

வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். குண்டு என்றால் பீரங்கிக் குண்டு மட்டும் இல்லை. ஆழம், பள்ளம் என்ற பொருள் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் ஆழமான அகழிக்குக் குண்டகழி என்று பெயர். இன்றும் "ரோடு குண்டும் குழியுமா இருக்கு" என்கிறோம். உப்பலவாடி ஆற்றோரத்துப் பள்ளமான ஊர். அதனால்கூட அந்தப் பெயர் வந்திருக்கலாம் இல்லையா? கதை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

பழைய டீச்சர் · திங்கள் மதியம் 2.15

நல்ல கேள்வி. தனித்தனி ஊருக்கு எந்தக் குண்டு என்று அடித்துப் பேச நானும் தயங்குவேன். ஆனால் குண்டு சுட்டு எல்லை போட்டது வெறும் கதை இல்லை. விற்பனைப் பேச்சிலேயே அப்படித்தான் முடிவானது. கோட்டையிலிருந்து நாலாபக்கமும் பீரங்கி சுடுவது, குண்டு போய் விழும் தூரத்துக்குள் இருக்கும் ஊரெல்லாம் கம்பெனிக்கு. எந்தப் பீரங்கியை வைப்பது, எவ்வளவு மருந்து அடைப்பது, எந்தச் சாய்வில் நிறுத்துவது என்பதெல்லாம் சுடுகிறவன் கையில். கம்பெனிக்காரர்கள் அதில் கொஞ்சமும் சோம்பல் காட்டவில்லை. 1690 செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர்ப் பழைய டவுனும் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டது. அப்படிக் கிடைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று வெகுகாலம் பெயர் இருந்தது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அன்று அந்த ஊர்களில் உழுதுகொண்டும் நெய்துகொண்டும் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைக்கு மேல் ஒரு குண்டு போனது, ஊர் கைமாறிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

தெற்குவெளி · திங்கள் மாலை 6.40

எல்லாம் சரி. கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். நம்மை அடிமைப்படுத்த வந்தவன் கட்டிய கோட்டை அது. இன்னொரு கொள்ளைக்காரன் வந்து இடித்தான். போகட்டுமே! இதே கடலூரில் கேப்பர் மலைச் சிறையில் 1918இல் பாரதியாரை இருபத்து நான்கு நாளோ என்னவோ அடைத்து வைத்தார்கள். நாம் நினைவில் வைக்க வேண்டியது அதையா, கிளைவ் தங்கிய சுவரையா? இருக்கும் நேரத்தையும் காசையும் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் செலவழிக்கலாம்.

கெடிலக்கரை · திங்கள் இரவு 9.10

தெற்குவெளி அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் கிளைவைக் கொண்டாட இந்த இழையைத் தொடங்கவில்லை.

ஆனால் அந்தச் சுவர் யாருடையது என்று யோசித்தேன். செங்கல்லுக்கு மண் மிதித்தது யார்? சூளை போட்டது யார்? கழிமுகத்தில் இறங்கிக் கிளிஞ்சல் அள்ளி, சுட்டு, அரைத்துச் சாந்து குழைத்தது யார்? வெள்ளைக்காரன் ஒரு செங்கல்கூடத் தூக்கியிருக்க மாட்டான். எல்லாம் நம் ஊர்க் கை. இங்கிருந்து கப்பலேறிய முக்கியமான சரக்கு துணி. அதுவும் இந்தச் சுற்றுவட்டாரத்து நெசவாளர்கள் நெய்தது. கடைசியில் ஒரு பீரங்கி சுட்டு ஊரையே எடுத்துக்கொண்டார்கள். அந்த அநியாயத்துக்கு ஊரில் சாட்சியாக நிற்பது அந்தச் சுவர் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் குண்டு கிராமம் என்பது வெறும் கதையாகிவிடும். சொல்தேடி காலையில் கேட்ட அதே சந்தேகத்தை நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள், காட்டுவதற்கு நம் கையில் ஒன்றும் இருக்காது.

பாரதியார் அடைபட்ட சிறை இருக்கும் கேப்பர் மலைக்கே கேப்பர் என்ற கம்பெனி அதிகாரியின் பெயர்தானே அண்ணா? இரண்டையும் பிரிக்க முடியாது. இங்கே குண்டு விழுந்ததால்தான் அங்கே சிறைச்சாலை வந்தது.

தெற்குவெளி · திங்கள் இரவு 9.55

சாட்சி என்று சொல்கிறாய். அந்த வார்த்தையை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. கொண்டாட்டமாக மாறினால் மறுபடி வந்து சண்டை போடுவேன்.

சில்வர் பீச் · செவ்வாய் காலை 11.00

கோட்டையிலிருந்து பாண்டிச்சேரிவரை சுரங்கப்பாதை இருக்கிறது, குதிரையிலேயே போவார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையா? உள்ளே யாராவது போயிருக்கிறீர்களா?

பழைய டீச்சர் · செவ்வாய் மதியம் 1.30

பாண்டிச்சேரிவரை இருக்க வாய்ப்பே இல்லை கண்ணு. நடுவில் தென்பெண்ணை, மலட்டாறு, அரியாங்குப்பம் ஆறு எல்லாம் இருக்கிறதே. கடற்கரை மணலில் நாலு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். போகட்டும், பாண்டிச்சேரியில் இருந்தவன் எதிரி. எதிரி வீட்டுக்கு யார் சுரங்கம் வெட்டுவார்கள்?

ஆனால் சுரங்கம் என்பதே பொய் என்று நினைத்துவிடாதே. இந்தக் கோட்டையில் மிகவும் விசேஷமானதே அதுதான். கோட்டைச் சுவருக்கு வெளியே அகழி, அகழிக்கு வெளியே மெல்லச் சரிந்து இறங்கும் ஒரு மண்மேடு. அந்த மேட்டுக்கு அடியில் செங்கல் வளைவு போட்ட தாழ்வாரம் கோட்டையைச் சுற்றி ஓடியது. அதிலிருந்து அங்கங்கே குறுக்காக வெளிப்பக்கம் சின்னக் கிளைகள் பிரிந்து போகும், கிளையின் முனையில் வெடிமருந்து வைக்க ஓர் அறை. முற்றுகையிட வருகிறவன் மண்மேட்டில் ஏறிப் பீரங்கியை நிறுத்தியதும், கீழே இருக்கும் மருந்துக்குத் தீ வைத்தால் மேலே இருப்பவன் பீரங்கியோடு தூக்கி எறியப்படுவான். ஆக, அது தப்பி ஓடும் பாதை இல்லை. வருகிறவனுக்கு வைத்த பொறி. ஊர் வாயில் அது நீண்டு நீண்டு பாண்டிச்சேரிவரை போய்விட்டது.

தயவுசெய்து யாரும் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டாம். பழைய வளைவு எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பாம்பும் இருக்கும்.

புல்வார்வாசி · செவ்வாய் இரவு 8.15

பாண்டிச்சேரியிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது தொட்டுப் பார்க்க ஒரு சுவர் இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

எங்கள் லூயி கோட்டை ஐந்து கொத்தளம் வைத்த ஐங்கோணக் கோட்டை. பிரெஞ்சு கவர்னர் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் கட்டி, 1706 ஆகஸ்ட் 25, புனித லூயி திருநாளன்று திறந்தார்கள். தேவனாம்பட்டினத்தை லாலி இடித்த மூன்றாவது வருஷம், 1761 ஜனவரி 16, பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவர்கள் பழிக்குப் பழி வாங்கினார்கள். கோட்டையை மட்டும் இல்லை, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்தக் காலத்தை நாள்நாளாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்கு நாலு நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டார். அவர் அதைப் பார்க்காமல் போனது ஒரு வகையில் நல்லது என்று பல தடவை நினைத்திருக்கிறேன். 1765இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. ஊரை மறுபடி கட்டினார்கள், கோட்டையைக் கட்டவில்லை.

இன்று கோட்டை இருந்த இடத்தில் பாரதி பூங்கா இருக்கிறது. ஆயி மண்டபத்துப் படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்களிடம் இது கோட்டை நடுவாசல் பக்கம் என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் வரைபடத்தில் பாருங்கள். ஊரைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு பெரிய வீதி ஓடுகிறதே, நாங்கள் புல்வார் என்கிறோம், அதுதான் பழைய மதில் ஓடிய கோடு. கல் போய்விட்டது, கோடு இருக்கிறது. கெடிலக்கரை கேட்ட கணக்கில் இதுபோன்ற கோடுகளையும் சேர்க்க வேண்டும். உங்கள் ஊரில் குண்டு போட்ட வட்டமும் அப்படி ஒரு கோடுதானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்த பிறகு பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். முதல் பதிவில் அந்த ஆட்டோக்காரர் சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்தத் தூண்கள்தான் ஞாபகம் வந்தன.

கொத்தனார் மகன் · புதன் காலை 7.20

முதல் பதிவில் சாந்து துருத்திக்கொண்டு நிற்கிறது, செங்கல் உள்ளே போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்கிறேன், அப்பாவிடம் கற்றது.

கடற்கரைச் சுவருக்கு எதிரி மழை இல்லை, உப்பு. ஈரத்தோடு உப்பு செங்கல்லுக்குள் ஏறும். வெயிலில் ஈரம் காய்ந்து போகும்போது உப்பு உள்ளேயே பூக்கும். பூக்கும்போது அது விரியும், விரிந்தால் செங்கல் தோல் தோலாக உரிந்து மாவாகக் கொட்டும். கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து நன்றாக அரைத்திருந்தால் காற்றுப் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அதனால்தான் அது நிற்கிறது.

ஒன்றை எல்லோரும் நினைவில் வையுங்கள். நாளைக்கு யாராவது நல்ல எண்ணத்தோடு இந்தச் சுவரைக் காப்பாற்றுகிறேன் என்று சிமென்ட் பூசிவிட்டால், அதோடு கதை முடிந்தது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு வெளியே பூக்க வழியில்லாமல் பின்னால் இருக்கும் செங்கல்லைத் தின்னும். நாலைந்து வருஷத்தில் பூச்சு ஒரு பலகையாகக் கழன்று விழும், சுவரின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஒரு பழைய வீட்டில் எங்கள் அப்பா சொல்லச் சொல்லக் கேட்காமல் வீட்டுக்காரர் சிமென்ட் அடித்தார். நான்காவது மழைக்கு அந்தப் பலகை விழுந்ததை நானே பார்த்தேன். பின்னால் இருந்த செங்கல் கையால் அள்ளும்படி இருந்தது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்.

அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். வேர் உள்ளே சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும், இழுத்தால் கல்லோடு வரும். அடியில் அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க மறுபடி அறுக்க வேண்டும்.

கெடிலக்கரை · புதன் காலை 8.05

அண்ணா, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. அரசங்கன்று இரண்டு இருக்கிறது. நல்லவேளை, இழுக்கவில்லை.

தேவனாம்பட்டினத்தான் · புதன் இரவு 10.30

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஊரில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கோட்டைச் செங்கல் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. பாதி எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டு அடுப்படித் திண்ணையில் தட்டையான, அகலமான செங்கல் இருந்தது. கோட்டைக் கல் என்றுதான் சொல்லுவார்கள். விழுந்து கிடந்ததை எடுத்து வந்தோம், அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த வீடு போனது. திண்ணையும் போனது. பாட்டியும் போய்விட்டார். பிறகு 2011 கடைசியில் தானே புயல் வந்தது, மிச்சமிருந்த ஓடும் பறந்தது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதும்போது, சுற்றி இருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். கடலை விட்டு எங்களால் நகர முடியாது. அந்தச் சுவரைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்தான்.

பழைய டீச்சர் · புதன் இரவு 11.10

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. பாட்டிக்கு என் வணக்கம்.

இந்தக் கடல் புதிதாகப் பழக்கப்பட்டது இல்லை. 1749 ஏப்ரலில் இதே கோட்டைக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த நாமூர் என்ற பெரிய போர்க்கப்பல் புயலில் உடைந்து 500 பேருக்கு மேல் இறந்தார்கள். பெம்புரோக் என்ற இன்னொரு கப்பலும் போனது. இங்கே ஒதுங்கத் துறைமுகம் இல்லை, திறந்த கடல். அந்தக் கணக்கில் மாலுமிகள் பெயர் இருக்கிறது. அன்று கரையில் இருந்த மீனவக் குடும்பங்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அதனால்தான் உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணைச் செங்கல் இந்தக் கணக்கில் கட்டாயம் ஏற வேண்டும்.

தெற்குவெளி · வியாழன் காலை 7.00

தேவனாம்பட்டினத்தான் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஊர்க்காரர்கள் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது.

கெடிலக்கரை · வியாழன் இரவு 9.00

எல்லோரும் எழுதியதை ஒரு நோட்டில் ஏற்றிவிட்டேன். தேவனாம்பட்டினத்தான் அண்ணாவிடம் தனியாகப் பேசினேன். ஞாயிறு காலை அவரே கூட வருகிறேன் என்றார், இடத்துக்கு உரியவர்களிடமும் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார். வெயில் ஏறுவதற்கு முன் 6.30 மணிக்கு பெரியார் கல்லூரி எதிரே கூடலாம்.

தோண்டுவது இல்லை, எதையும் எடுப்பது இல்லை, சுரங்கத்துக்குள் இறங்குவது இல்லை. பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது மட்டும். சுவரின் நீளம், உயரம், ஒரு செங்கல்லின் நீள அகல கனம், எந்தப் பக்கம் உப்பு அதிகம் என்று எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்க வேண்டும், அடுத்த மழைக்குப் பிறகு எடுக்கும் படத்தோடு ஒப்பிடுவதற்கு. மதியம் ஊருக்குள் போய், வீட்டில் கோட்டைக் கல் வைத்திருப்பவர்கள் விருப்பப்பட்டால் அதையும் அளக்கலாம்.

உப்பலவாடி · வியாழன் இரவு 9.20

வருகிறேன். இன்று எங்கள் வீட்டு ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன். முகவரியில் குண்டு உப்பலவாடி என்று அப்படியே இருக்கிறது. அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் மகன் · வியாழன் இரவு 9.35

அப்பாவையும் கூட்டிவருகிறேன். வயது எழுபத்தைந்து ஆகிறது. ஆனால் சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தே எத்தனை நாள் அரைத்தது என்று சொல்லுவார். அவருக்கு உட்கார மட்டும் யாராவது ஒரு ஸ்டூல் கொண்டுவாருங்கள்.

தேவனாம்பட்டினத்தான் · வியாழன் இரவு 9.50

ஸ்டூல் எங்கள் வீட்டில் இருக்கிறது. டீயும் இங்கேயே குடித்துக்கொள்ளலாம்.